வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்கு ரவுட்டர் வந்த முதல் நாள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. டொங்கிளிலும் போன் ஹொட்ஸ்பொட்டிலும் காலம் தள்ளிய வீடுகளுக்கு இப்போது பைபர் அல்லது 4ஜி ரவுட்டர் வந்திருக்கிறது. இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கம் கம்பனிக்குக் கம்பனி மாறும். இங்கே சொல்லும் பெயர் அப்படியே இல்லாவிட்டால் அதே வேலையைச் செய்யும் தெரிவைத் தேடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:
முன்பு டயல்-அப் பாவித்தேன். வேலை முடிந்ததும் லைனை வெட்டிவிடுவேன். பிறகு டொங்கிள் வந்தது. அதையும் கழற்றி வைத்துவிடுவேன். இப்போது பைபர் 24 மணித்தியாலமும் ஓடுகிறது. இரவில் ரவுட்டரை நிறுத்தி வைத்தால் பாதுகாப்புத்தானே?

ஐயா, நிறுத்துவதால் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. டயல்-அப் காலத்தில் மொடம் அழைப்பு எடுத்ததும் உங்கள் கணினியே நேரடியாக இணையத்தில் நின்றது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் அதை அடையாளம் காட்டும் இலக்கமான ஐபி முகவரியைத் தொட முடிந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, அதாவது தானாகவே கணினிக்குக் கணினி தாவும் கெட்ட மென்பொருள், பரவியபோது விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. இணைப்பு எடுத்துச் சில நிமிடங்களிலேயே 135ஆம் இலக்கப் போர்ட், அதாவது தரவு உள்ளே வரும் வாசல், வழியாகப் புகுந்துவிடும். பிறகு 60 செக்கனில் கணினி நின்றுவிடும் என்ற அறிவித்தல் திரையில் வரும். அதற்கு 56 கேபிபிஎஸ் வேகமே தாராளம். லைனை வெட்டியதால் ஆபத்தில் நின்ற நேரம் குறைந்தது, அவ்வளவுதான்.

ரவுட்டர் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. வெளியுலகம் காணும் ஐபி முகவரி இப்போது ரவுட்டருக்குத்தான். உள்ளே இருக்கும் கணினிக்கும் போனுக்கும் 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி கிடைக்கிறது. உள்ளிருந்து யாரும் கேட்காத தரவு வெளியிலிருந்து வந்தால் எந்தச் சாதனத்துக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். ஆகவே பிளாஸ்டர் மாதிரியான புழு அங்கேயே நின்றுவிடும். ஆனால் ரவுட்டரும் ஒரு சின்னக் கணினிதான். அதற்கு முன்னால் காவலுக்கு வேறெதுவும் இல்லை.

2016இல் வந்த மிராய் என்ற கெட்ட மென்பொருள் இந்த இடத்தைத்தான் பிடித்தது. கமரா, அதன் படத்தைப் பதியும் பெட்டியான டிவிஆர், ரவுட்டர் போன்றவற்றுக்குத் தொழிற்சாலையில் வைக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகள் 60க்கு மேல் அதன் பட்டியலில் இருந்தன. ஐபி முகவரிகளை எழுந்தமானமாகத் தட்டி, அந்தச் சோடிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே போகும். வீடு கொழும்பிலா களுவாஞ்சிக்குடியிலா என்பது அதற்குத் தேவையில்லை. மிராய் சாதனத்தின் நினைவகத்தில் மட்டும் இருப்பதால் நிறுத்தி மீண்டும் போட்டால் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் விரைவிலேயே திரும்ப வரும். இரவில் நிறுத்துவது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று: உங்கள் வீட்டுத் தொலைபேசியும் பைபர் பெட்டியிலிருந்தே வருகிறதென்றால், பெட்டியை நிறுத்தினால் தொலைபேசியும் செத்துவிடும். இரவில் அவசரத்துக்கு அந்த இலக்கத்தை நம்பியிருக்கும் வீட்டில் நிறுத்தவே வேண்டாம். அந்தக் கவனத்தை அமைப்புப் பக்கத்தில் செலவிடுங்கள். எப்படி என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகி:
பைபர் பூட்ட வந்த தம்பி பெட்டியைச் சுவரில் பொருத்தினார். அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை போனில் போட்டு வேலை செய்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். இது போதுமா? மாற்ற வேண்டுமென்றால் எதை முதலில் மாற்றுவது?

போதாது சகோதரி. ஆறுதலாக ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் பாதி வழியில் இணைப்பு அறுந்து வெளியே நிற்க வேண்டிவரும்.

முதலில் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுங்கள். அதில் வைஃபை பெயர், வைஃபை கடவுச்சொல், அமைப்புப் பக்கத்தின் முகவரி, அதற்குரிய பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் இருக்கும். மடிக்கணினி இருந்தால் லேன் கேபிளால் ரவுட்டருடன் இணையுங்கள். போனிலிருந்து வைஃபை வழியாகவும் செய்யலாம். ஆனால் வைஃபை பெயரை மாற்றியதும் போன் துண்டிக்கப்படும். பிரவுசரின் முகவரிப் பட்டியில் 192.168.1.1 என்று போடுங்கள். 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் அது 192.168.8.1.

உள்ளே போனதும் எதையும் தொட முன்னர் 'வான்' (WAN) என்ற பக்கத்தைத் திறந்து அதையும் படம் எடுத்து வையுங்கள். சேவை வழங்குநர் தந்த இணைப்பு விபரங்கள் அங்கேதான் இருக்கும். அவற்றில் ஓரெழுத்து மாறினாலும் இணையம் வராது. தெரியாமல் கை பட்டுவிட்டால் திருத்துவதற்கு அந்தப் படம் உதவும்.

இப்போது மாற்றத் தொடங்கலாம். முதலாவது அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல், அதாவது அட்மின் கடவுச்சொல். இதுவும் வைஃபை கடவுச்சொல்லும் வேறு வேறு. வைஃபை கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அட்மினை அப்படியே விடுவதுதான் நாம் அதிகம் காணும் பிழை. வைஃபையில் சேர்ந்த எவரும் 192.168.1.1 ஐத் திறந்து ஸ்டிக்கரில் உள்ள சொல்லைப் போட்டால் உள்ளே வந்துவிடலாம். வந்தவர் டிஎன்எஸ் முகவரியை, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவையின் முகவரியை, மாற்றினால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டெழுதினாலும் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வழி உண்டு. பிரேசிலில் 2011 தொடங்கி 45 இலட்சம் மொடங்களில் இப்படி டிஎன்எஸ் மாற்றப்பட்டிருந்தது. அட்மின் கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள். தாளில் எழுதக்கூடாது என்று அலுவலகங்களில் சொல்வது வீட்டுக்குப் பொருந்தாது. இணையத்திலிருந்து வரும் கள்ளனுக்கு உங்கள் அலுமாரி எட்டாது.

இரண்டாவது வைஃபை. பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ், அல்லது டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு முறையைத் தெரிவு செய்யுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய போனும் பிரிண்டரும் இணையாமல் போகலாம். டபிள்யூஇபி, டிகேஐபி என்பவை பழுதான பழைய முறைகள், தொடவே வேண்டாம்.

கடவுச்சொல்லுக்கு போன் நம்பரை வைப்பது எங்கள் பகுதியில் பெரிய வழக்கம். ஏன் கூடாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் போன் ரவுட்டருடன் இணையும் அந்தக் கணத்தில் காற்றில் போகும் தரவை, தெருவில் நிற்பவர் மடிக்கணினியில் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பிறகு தன் வீட்டில் ஆறுதலாக இருந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். அதை உங்கள் ரவுட்டர் அறியாது, தடுக்கவும் முடியாது. கைபேசி இலக்கம் 07 என்று தொடங்கும். மிச்சம் 8 இலக்கம், ஆகவே பத்துக் கோடி வாய்ப்புகள். கேம் விளையாடும் கணினியில் இருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் செக்கனுக்கு இலட்சக்கணக்கில் முயன்று பார்க்கும்; சில நிமிட வேலை. 065 2 என்று தொடங்கும் வீட்டு இலக்கமென்றால் மிச்சம் 6 இலக்கம், பத்து இலட்சம் வாய்ப்புகள்தான். அது சில செக்கனில் முடிந்துவிடும். பழைய அடையாள அட்டை இலக்கமும் இப்படித்தான்: பிறந்த ஆண்டும் நாளும் அதற்குள்ளேயே இருப்பதால், உங்களைத் தெரிந்தவருக்கு மிச்சம் சில இலக்கம்தான்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். அகப்பை, வண்டில், பனாட்டு, திண்ணை என்ற மாதிரி. இங்கே அச்சான சொற்களை வைக்காமல் உங்கள் வீட்டுச் சொற்களை எடுங்கள். 20 எழுத்துக்கு மேல் வரும், பிள்ளைகளுக்கும் நினைவில் நிற்கும். 63 எழுத்து வரை இடமுண்டு.

இங்கே ஒரு நுணுக்கம். உங்கள் பெட்டி 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை வெளியிடும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை ஸ்டிக்கர் கடவுச்சொல்லிலேயே விட்டுவிடுவார்கள். இரண்டையும் திறந்து பாருங்கள். பெயரையும் மாற்றலாம், ஆனால் குடும்பப் பெயரோ வீட்டு இலக்கமோ வேண்டாம்.

மூன்றாவது டபிள்யூபிஎஸ், அதை நிறுத்துங்கள். பொத்தானை அமுக்கினால் கடவுச்சொல் இல்லாமல் இணையும் வசதி அது. அதனுடன் 8 இலக்கப் பின் ஒன்றும் சேர்ந்து வரும். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது; அதோடு ரவுட்டர் முதல் நான்கையும் பின் பகுதியையும் வெவ்வேறாகச் சரிபார்க்கிறது. ஆகவே கோடிக்கணக்காக இருக்க வேண்டிய முயற்சிகள் 11,000 ஆகச் சுருங்கிவிடும். இது 2011 டிசம்பரிலேயே வெளிவந்த குறை. புதிய பெட்டிகள் சில பிழையை அடுக்கடுக்காக அடித்தால் பூட்டிக்கொள்ளும். உங்களுடையது பூட்டுமா என்று ஆராய்வதைவிட நிறுத்திவிடுவது சுலபம்.

பிறகு யூபிஎன்பி. உள்ளே இருக்கும் ஒரு சாதனம் உங்களைக் கேட்காமலே வெளியிலிருந்து வரும் வழியைத் திறக்க இது இடம் கொடுக்கிறது. நிறுத்தினால் சில ஒன்லைன் கேம்களில் சிக்கல் வரலாம். வேறு பாதிப்பைப் பெரும்பாலான வீடுகள் காணாது. 'ரிமோட் மனேஜ்மென்ட்', அதாவது வெளியிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். டிஆர்-069 என்று ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். அது சேவை வழங்குநர் உங்கள் பெட்டியைப் பராமரிக்கும் வழி.

கடைசியாக பேர்ம்வெயார், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் அப்டேட். அது ஓடும்போது கரண்ட் போனால் பெட்டி எழும்பாமலே போகலாம். மழையும் மின்னலுமான பின்னேரத்தில் தொடங்க வேண்டாம். யூபிஎஸ் இருந்தால் அதில் போட்டுச் செய்யுங்கள். சேவை வழங்குநர் பூட்டி வைத்த பெட்டிகளில் இந்தத் தெரிவு தெரியாது, அவர்களே அனுப்புவார்கள். எல்லாம் முடிந்ததும் ரவுட்டரை நிறுத்திப் போட்டு, மாற்றியவை அப்படியே இருக்கின்றனவா என்று மறுபடி திறந்து பாருங்கள். 'சேவ்' அல்லது 'அப்ளை' பொத்தானை அமுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் பழையதே திரும்பிவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கடை உரிமையாளர்:
வீட்டிலும் கடையிலும் சிசிடிவி இருக்கிறது. போனில் பார்ப்பதற்காகப் பூட்டியவர் ரவுட்டரில் ஏதோ 'போர்ட்' திறந்துவிட்டார். அப்படித் திறப்பது ஆபத்து என்கிறார் மகன். உண்மையா?

மகன் சொல்வது சரி. பைபருக்கு மாறிய வீடுகளில் நாம் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் இதுதான். போர்ட் திறப்பது என்றால், வெளியிலிருந்து அந்த இலக்கத்துக்கு வரும் எல்லாவற்றையும் நேராக டிவிஆரிடம் கொடு என்று ரவுட்டருக்குச் சொல்வது. பொதுவாக 80, 554, 8000, 37777 ஆகியவற்றைத் திறப்பார்கள். இன்னும் சிலர் டிஎம்இசட் பகுதியில் டிவிஆரின் முகவரியைப் போட்டு எல்லாப் போர்ட்களையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவார்கள். அதன்பிறகு டிவிஆர் இணையத்தில் தனியே நிற்கிறது. பெரும்பாலான டிவிஆர்களில் பூட்டிய நாளில் இருந்த மென்பொருளே கடைசி வரை ஓடும். கடவுச்சொல் கேட்காமலே உள்ளே வரக்கூடிய குறைகள் பிரபல கம்பனிகளின் கமராக்களிலும் வெளிவந்திருக்கின்றன. ஆகவே நல்ல கடவுச்சொல் மட்டும் காப்பாற்றாது.

திறந்திருக்கிறதா என்று இப்படிப் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடி கூகிளில் 'வட் இஸ் மை ஐபி' என்று தேடினால் ஒரு முகவரி வரும்; குறித்துக்கொள்ளுங்கள். போனில் வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவைப் போடுங்கள். பிரவுசரில் அந்த முகவரியை மட்டும் தட்டுங்கள். பிறகு அதன் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 8000 என்று சேர்த்தும் பாருங்கள். டிவிஆரின் நுழைவுப் பக்கம் வந்தால் உலகத்துக்கே வரும். எதுவும் வராவிட்டாலும் அதை மட்டும் நம்பாமல், ரவுட்டரில் 'போர்ட் போர்வேர்டிங்', 'டிஎம்இசட்' பக்கங்களைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

ரவுட்டரின் வான் பக்கத்தில் உள்ள ஐபி முகவரியையும் குறித்ததோடு ஒப்பிடுங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் உங்கள் இணைப்பு சேவை வழங்குநரின் பொது முகவரி ஒன்றுக்குப் பின்னால் பலருடன் சேர்ந்து இருக்கிறது. 4ஜி ரவுட்டர்களில் இது சாதாரணம். அங்கே போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. 4ஜியில் பல காலம் பயனில்லாமல் கிடந்த அமைப்பை அப்படியே பைபருக்கும் போடும்போதுதான் அது உண்மையில் திறக்கிறது.

போர்ட் போர்வேர்டிங்கில் உள்ள வரிகளை அழியுங்கள், டிஎம்இசட்டை நிறுத்துங்கள். போனில் பார்ப்பதற்கு டிவிஆரின் கம்பனி தரும் செயலியில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து சேர்க்கும் முறை இருக்கும். அதில் டிவிஆர்தான் உள்ளிருந்து வெளியே போய்த் தொடர்பு எடுக்கும். போர்ட் எதுவும் திறக்கத் தேவையில்லை. படம் அந்தக் கம்பனியின் சேர்வர் வழியாகப் போகக்கூடும் என்பதால் இதுவும் நூறு வீதம் சுத்தமில்லை. அதனால் படுக்கை அறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கமரா வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். வாசலும் கல்லாவும் தெரிந்தால் போதும்.

பூட்டியவருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். திருத்த வேலைக்கு அவர் வரும்போது தற்காலிகக் கணக்கு ஒன்று கொடுத்தால் போதும். மிகப் பழைய டிவிஆர், செயலியும் இல்லை என்றால் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஹாட் டிஸ்க்கில் பதிவு தொடரும். போனில் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

கல்முனையிலிருந்து ஒரு வாசகர்:
வீட்டுக் கணினி பழையது, விண்டோஸ் 7. இவ்வளவு காலமும் டொங்கிளில் பிரச்சினை இருக்கவில்லை. ரவுட்டரில் போட்டால் ஏதும் ஆகுமா? தங்கையின் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14 உடன் முடிந்துவிட்டன. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும்போது வெளியிலிருந்து நேராகத் தாக்குவது கடினம். ஆனால் நீங்கள் திறக்கும் பக்கம், இறக்கும் கோப்பு, நண்பர் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாக வருவதை ரவுட்டர் தடுக்காது. அப்படி ஒன்று உள்ளே வந்தால் அதே வைஃபையில் உள்ள மற்றச் சாதனங்களையும் தேடும். அதில் வங்கி வேலை, மின்னஞ்சல் வேண்டாம். 4 ஜிபி ரேம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பிரவுசர், தட்டெழுத்து, வீடியோ என்று வீட்டுத் தேவைக்குப் போதும். போட முன்னர் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹாட் டிஸ்க்கில் எடுத்து வைத்து, அவை திறக்கின்றனவா என்று வேறு கணினியில் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. நீடித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். டொங்கிளிலிருந்து மாறியவர்கள் தவறவிடும் ஒன்றும் இருக்கிறது. டேட்டா மிச்சம் பிடிக்க 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்ற தெரிவைப் போட்டு வைத்திருப்பீர்கள். அது இருந்தால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. புதிய வைஃபைக்கு அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் பல மாத அப்டேட்கள் ஒன்றாக வரும். மாதப் பொதியில் அளவு இருந்தால் இரவு நேர டேட்டாவில் விடுங்கள். டொங்கிளுடன் வந்த மென்பொருளையும் அகற்றிவிடுங்கள்.

'அக்டிவேட்டர்' போட்டுத் தரும் களவு விண்டோஸ் இருந்தால், அதைப் போடும்போது விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிபென்டரை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். பலருடைய கணினியில் அது அன்று முதல் நின்றே கிடக்கிறது. விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து பச்சைச் சரி அடையாளம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகி:
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கென்று வைஃபை கடவுச்சொல் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல மனமில்லை. கொடுத்தால் என்ன?

கொடுங்கள், ஆனால் உங்கள் கடவுச்சொல்லை அல்ல. ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வேர்க்' ஒன்றைத் திறந்து வேறு பெயர், வேறு கடவுச்சொல் வையுங்கள். அதில் சேர்பவர்களுக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கணினி, பிரிண்டர், டிவிஆர் தெரியாது. வேக வரம்பு வைக்க இடமிருந்தால் வையுங்கள். பரீட்சை முடிந்ததும் மாற்றிவிடலாம். கியூஆர் குறியைக் காட்டினால் கடவுச்சொல் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பல அன்ட்ரொயிட் போன்களில் குறிக்குக் கீழேயே அது எழுத்தில் இருக்கும். அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் என்பதையும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

ஒலுவிலிலிருந்து ஒரு மாணவர்:
வைஃபை பெயரை மறைத்து, மேக் முகவரி வடிகட்டியும் போட்டால் யாரும் நுழைய முடியாதுதானே?

இரண்டும் வீண் வேலை. மறைத்த பெயரை இலவச மென்பொருள் ஒன்றே காட்டிவிடும். மறைத்த பெயரைத் தேடி உங்கள் போன் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரை அறிவித்துக்கொண்டு திரிவதும் உண்டு. சாதனத்தின் வைஃபை அடையாள இலக்கமான மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமல் போவதால் பார்த்துப் போலியாக வைக்கலாம். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரி காட்டுவதால் வடிகட்டி உங்கள் வீட்டாரையே வெளியே நிறுத்தும். இணைந்த சாதனங்களின் பட்டியலில் அறியாத பெயரைக் கண்டாலும் உடனே பயப்பட வேண்டாம். பழைய போனே புதிய முகவரியில் நிற்கலாம். வீட்டில் ஒவ்வொரு சாதனமாக வைஃபையை நிறுத்தி, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். கடைசியில் ஒன்று மிஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகர்:
'உங்கள் ரவுட்டரில் வைரஸ் இருக்கிறது, இன்டர்நெட் துண்டிக்கப்படும்' என்று அழைப்பு வந்தது. தூரத்திலிருந்து போனை இயக்க விடும் எனிடெஸ்க் செயலியை இறக்கச் சொன்னார். உம்மா இறக்கிவிட்டார், பிறகு சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டோம். இப்போது என்ன செய்வது?

உம்மாவை ஏச வேண்டாம்; உடனே நிறுத்தியது நல்ல விடயம். முதலில் அந்தப் போனின் டேட்டா, வைஃபை இரண்டையும் நிறுத்துங்கள். எனிடெஸ்க்கையும், அதனுடன் 'பிளகின்' என்று வந்த துணைச் செயலி இருந்தால் அதையும் அகற்றுங்கள். அமைப்பில் 'அக்சஸிபிலிட்டி' பகுதியைத் திறந்து தெரியாத செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து ஒன்லைன் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்; வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள், வந்த அழைப்பின் இலக்கத்துக்கு அல்ல. பிறகு மின்னஞ்சல், வட்ஸ்அப், வங்கி என்ற வரிசையில் கடவுச்சொல்லையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் மாற்றுங்கள். மின்னஞ்சல் ஏன் முதலில் என்றால், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதன் ஊடாகத்தான் போகிறது.

நாட்டின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பணம் போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். சேவை வழங்குநர் உங்கள் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுக்கு உங்கள் போனில் செயலி தேவையில்லை. ஓடிபி கேட்கவும் தேவையில்லை.

திருக்கோவிலிலிருந்து ஒரு தாய்:
பிள்ளைகள் தவறான பக்கங்களுக்குப் போகாமல் ரவுட்டரிலேயே தடுக்கலாமா?

ஓரளவுக்குத் தடுக்கலாம். வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்ற ரவுட்டர் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரிகளாக 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் போடுங்கள். கிளவுட்பிளேயர் இலவசமாக நடத்தும் இது ஆபாசப் பக்கங்களையும் தீங்கான பக்கங்களையும் வடிகட்டும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது வேலை செய்யாது; விபிஎன் போட்டாலும் தாண்டலாம். யூடியூப்பில் உள்ளே இருப்பதையும் தடுக்காது. சின்னப் பிள்ளைகள் தற்செயலாக விழாமல் காப்பதற்கு இது நல்லது. வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூடத்தில் வைத்துப் படிக்கும் வழக்கம்தான் உதவும்.

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர்:
கடந்த மழைக்கு இடி விழுந்து ரவுட்டர் எரிந்தது. பைபரில் கரண்ட் வராது என்கிறார்களே, பிறகு எப்படி எரியும்? புதிய பெட்டி வந்திருக்கிறது. பழையதை வாங்கக் கடைக்காரர் ஒருவர் கேட்கிறார்.

பைபர் இழையில் மின்சாரம் ஓடாது, உண்மைதான். ஆனால் அடப்டர் வீட்டுக் கரண்டில் செருகியிருக்கிறது. லேன் கேபிளால் டிவிஆரோ கணினியோ இணைந்திருந்தால் அந்த வழியாலும் வரும். வளவு முழுக்க ஓடும் கமராக் கேபிள் இடியின் பாய்ச்சலை நன்றாகவே கொண்டுவரும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கும்போதே அடப்டரையும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். பெட்டியை மாத்திரம் நிறுத்துவது உதவாது. பைபர் இழையைக் கழற்ற வேண்டாம். தூசி படிந்தால், சிக்னல் இல்லை என்று காட்டும் 'லொஸ்' விளக்கு சிவப்பாக எரியும். அதை மடிக்கவும் அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது.

புதிய பெட்டி என்றால் எல்லாம் தொழிற்சாலை அமைப்பில் இருக்கிறது. காத்தான்குடி வாசகிக்குச் சொன்ன அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். பின்புறச் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்தாலும் இதே கதைதான். சேவை வழங்குநரின் இணைப்பு விபரங்களும் சேர்ந்து அழிந்துபோகலாம் என்பதால் இணையம் மந்தமென்று அதைத் தொட வேண்டாம். பழைய பெட்டி சேவை வழங்குநருடையதா என்று முதலில் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுடையதென்றாலும், எரிந்தது அடப்டர் மட்டுமாக இருக்கலாம். அதே வோல்ட், அதே அம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட அம்பியர் உள்ள வேறு அடப்டரைப் போட்டுப் பாருங்கள். எழும்பினால் தொழிற்சாலை ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் இணைப்புக் கணக்கின் பெயரும் அதற்குள் இருக்கின்றன. எழும்பாவிட்டால் விற்க வேண்டாம். உள்ளே இருக்கும் பலகை எரிந்திருந்தாலும் நினைவகச் சிப் அழியாமல் இருக்கலாம்.